அம்மாவும் பாத்திரங் கழுவும் இயந்திரமும்

விழா மலர்களுக்குக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் உயர்ந்த பொருள்களையே எடுத்துக்கொள்வர். கல்லூரி அன்னையின் தோற்றமும் வளர்ச்சியும், மறைந்த அதிபர்களின் மாண்பு, மைதானத்திலே பெற்ற வெற்றிகள், சைவமும் தமிழும் என்பன இத்தகைய மலர்களை அணிசெய்வன. அவற்றை எழுதுதற்குத் தகுதி வாய்ந்த பெரியார் பலர் நம்மிடையே உளர். ஆதலின் அவர்களுக்குரிய இடத்தை அவர்களுக்கே விட்டு, உண்டபின் கழுவப்படும் கோப்பையைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். இது விழா மலருக்கு ஏற்ற பொருளோ என ஐயுறும் பழைய மாணவர் எவரும், விடுதிச்சாலையில் வாழ்ந்தவராயின், தம் ஐயத்தைத் தாமே நீக்கிக்கொள்வர்.

எங்கள் காலத்து விடுதிச்சாலையில், உணவு முடிந்ததும் தத்தம் கோப்பையையும் பேணியையும் தாமே கழுவி வைத்தல் வேண்டும் என்பது விதி. 1990 ஆம் ஆண்டிலே குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் நீரிறைக்கும் இயந்திரமும் நின்றது. வாளியுங் கயிறும் மீண்டும் வேலைக்கு வந்தன. சவர்க்காரமோ விலை மிகுந்ததும் கிடைத்தற்கரியதுமான பொருளாயிற்று. கிணற்றடித் தொட்டியின் அருகே உடைந்த சட்டியொன்றில் அடுப்புச் சாம்பலும், அதன்மேல் ஒரு பிடி தேங்காய்த் தும்பும் இருக்கும். அந்த ஒரு சட்டியைச் சுற்றி இருபது பேர் நிற்போம். ஒருவன் தேய்க்க மற்றொருவன் நீர் வார்ப்பான். சொதி வார்த்த கோப்பையின் பசை இலகுவிற் போகாது. மாணவ தலைவர் கோப்பையை வாங்கி வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பார். விரலால் ஒரு கோடு இழுப்பார். விரல் வழுக்கினால் மீண்டும் தொட்டியடிக்குச் செல்லவேண்டியதுதான். தேவார வகுப்பிற் பெற்ற பயிற்சியினும் அத்தொட்டியடியிற் பெற்ற பயிற்சி எம்மிற் சிலருக்கு உறுதியாய் நிலைத்தது என்று சொன்னால், எம் சமய ஆசிரியர் என்னைப் பொறுத்தருள்வாராக.

சாம்பலை எளிய பொருளென்று எண்ணலாகாது. அதிலே பொற்றாசியங் காபனேற்று உண்டு. அது நீரிற் கரைந்து காரமாகி, எண்ணெய்ப் பசையின் ஒரு பகுதியைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடும். அன்றியும், சுண்ணாம்புக் கல்லின் மேற் கிடக்கும் நம் குடாநாட்டுக் கிணற்று நீர் வன்னீர். அதிற் கரைந்துள்ள சுண்ணத்தின் ஒரு கூற்றையும் அது படியச் செய்யும். மேல்நாட்டார் பாத்திரங் கழுவும் இயந்திரத்திலே இடுகின்ற வில்லையின் முக்கிய பொருள்களுள் ஒன்று சோடியங் காபனேற்று, அதாவது சலவைச் சோடா. அது நம் அடுப்புச் சாம்பலுக்கு நெருங்கிய உறவு. அவ்வில்லையை முதன்முதல் என் கையில் வாங்கிப் பார்த்தபோது, நெடுநாட் பிரிந்த ஒருவரைப் பட்டுச் சட்டையிற் கண்டதுபோல் இருந்தது.

அதனைக் கண்ட இடம் இலண்டன் மாநகரின் வடமேற்குப் பகுதியிலுள்ள என் தமையனாரின் இல்லம். அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவர். அதே தொட்டியடியிற் கோப்பை கழுவியவர். எனக்கு ஆறு வகுப்பு மூத்தவர். அப்பா காலமானபின் அம்மா அவரோடுதான் வாழ்கின்றார். 2023 ஆம் ஆண்டுக் கோடையில் நான் அங்கு சென்று ஐந்து வாரம் தங்கினேன். பழைய இயந்திரத்தின் இறுதி நாள்களையும் புதியதன் முதல் நாள்களையும் ஒருங்கே காணும் வாய்ப்பு அவ்வாறு கிடைத்தது.

பழைய இயந்திரம், தமையனார் அவ்வீட்டை வாங்கிய 2004 ஆம் ஆண்டிலே அதனோடு வாங்கியது. இரவு 9 மணியளவில் அனைவரும் உண்டு முடிந்ததும் மச்சாள் அதனை முடுக்கிவிடுவார். தோட்டத்திலே மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தின் அருகே நின்று உரையாட முயன்றவர்க்கு அந்த ஒலி எத்தகையது என்று நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நீர் வடியும்போது, சேற்றிலிருந்து எருமை காலெடுப்பது போன்ற வேறோர் ஒலி. அடுக்களையும் உணவு மேசையும் ஒரே கூடத்தில் இருந்தமையால், இயந்திரம் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் மாடிக்குச் செல்வர். தமையனார் தொலைக்காட்சி உள்ள அறைக்குச் செல்வார்.

அம்மாவின் நிலைமைதான் துயரமானது. அவருக்குச் செவிப்புலன் குறைவு. இரு காதிலும் கேட்கும் கருவி பொருத்தியிருக்கின்றார். அக்கருவி மனிதர் பேச்சை மாத்திரம் பெரிதாக்குவதன்று. பின்னணியில் எழும் ஓசையையும் பெரிதாக்கும். ஆகவே, இயந்திரம் முழங்கத் தொடங்கியதும் அவர் கருவிகள் இரண்டையும் கழற்றிச் சிறு பெட்டியில் வைத்துவிடுவார். அத்துடன் அவருடைய நாள் முடிந்தது. அதன்பின் எவர் எது சொன்னாலும் ஒரு சிறு புன்னகையே விடை.

ஆயினும் விடியற்காலையில் அந்த இயந்திரம் அவருடையதாகிவிடும். 6 மணிக்கு முன்னரே எழுந்து, அதன் கதவைத் திறந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து யன்னலடியிற் பிடித்துப் பார்ப்பார். விரலால் ஒரு கோடு இழுப்பார். (எங்கள் மாணவ தலைவரை அவர் கண்டதில்லை, இவ்வித்தை தாய்மார் எல்லோர்க்கும் பொது.) 10 கோப்பைக்கு 3 அல்லது 4 தேறா. தேறாதவற்றை ஒதுக்கி, இரண்டு தட்டங்களில் நீர் எடுத்து, ஒன்றிற் கழுவி மற்றதில் அலசித் துடைத்து வைப்பார். ஊரிலே பாத்திரங் கழுவிய நீர் வாய்க்கால் வழியே அடுக்களைக் கோடியில் நிற்கும் வாழைக்குச் செல்லும். இலண்டனில் வாழை இல்லை. அலசிய நீரை அவர் பின்வளவு றோசாவுக்கு ஊற்றினார். யேர்மனியின் போன் பல்கலைக்கழகத்தார், ஐரோப்பிய நாடுகள் ஏழிலிருந்து 113 பேரை அழைத்து, 12 பேருக்குரிய பாத்திரங்களைக் கையாற் கழுவச் செய்து அளந்தபோது, சராசரியாக ஏறத்தாழ 100 லீற்றர் நீர் செலவாயிற்றாம். அம்மாவை அவர்கள் அழைத்திருந்தாற் சராசரி சற்றுக் குறைந்திருக்கும்.

இயந்திரம் ஏன் அவ்வாறு தளர்ந்தது என்பதற்குக் காரணம் பல. இலண்டன் நீரும் நம் ஊர் நீரைப்போல வன்னீரே. சுண்ணக்கற் பாறையிலிருந்து வருவது. அதனை மென்மையாக்குதற்கு இயந்திரத்தின் அடியிலே பிசின் மணிகள் நிறைந்த ஓர் அறை உண்டு. அம்மணிகள் நீரிலுள்ள கல்சியத்தைத் தாம் பற்றிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். கல்சியம் நிறைந்து மணிகள் சோர்ந்தபின், கறியுப்பின் இனமாகிய உப்பைக் கரைத்து ஊட்டினால் மீண்டும் உயிர்பெறும். "பாத்திரங் கழுவுற பெட்டிக்கு உப்பு என்னத்துக்கு? அதென்ன கஞ்சி குடிக்குதே?" என்று அம்மா முதல் நாளிலேயே கேட்டாராம். பல ஆண்டு ஊட்டுண்டு அம்மணிகள் ஆற்றல் குன்றியிருக்கலாம். வடிதட்டு தேய்ந்துவிட்டது. நீரைச் சுழன்று வீசும் கைகளின் துளைகளிலே சுண்ணம் பாதி, மீதி, கடுகு. ஆம், நம் தாளிதத்துக் கடுகே. அளவெடுத்துச் செய்ததுபோல் ஒவ்வொரு துளையிலும் ஒவ்வொன்றாய் அமர்ந்திருந்ததை ஊசியால் எடுத்து நானே கண்டேன். இயந்திரத்தை ஆக்கிய பொறியியலாளர் எத்தனையோ இடர்களை எண்ணியிருப்பர், கடுகை எண்ணியிரார். இவற்றோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. ஏரிகளிலும் ஆறுகளிலும் பாசி பெருகுவதைத் தடுத்தற்காக, 2017 ஆம் ஆண்டு தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தார் இவ்வில்லைகளிற் பொசுபேற்றைப் பெரிதுங் கட்டுப்படுத்தினர். அது நல்ல செயலே. எனினும் பழைய வில்லையின் துணையால் நிமிர்ந்து நின்ற பழைய இயந்திரங்களின் முதுமை அதன்பின் வெளிப்பட்டது.

இவ்விடத்தில் இவ்வியந்திரத்தின் பிறப்பை ஒருசிறிது கூறுதல் தகும். 1850 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் யோவெல் ஹூற்றன் என்பார் கையாற் சுழற்றும் மரக்கருவி ஒன்றுக்கு உரிமை பெற்றார். ஆனால் நீரை விசையோடு பாய்ச்சிக் கழுவும் பயனுள்ள இயந்திரத்தை ஆக்கியவர் இலினோய் மாநிலத்துச் செல்பிவில் என்னும் ஊரினரான யோசப்பீன் கொக்கிரேன் என்ற பெண்மணி. 1886 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள் அவருக்கு உரிமை வழங்கப்பட்டது. கைநோகக் கழுவிச் சலித்ததனால் அவர் அதனை ஆக்கினார் என்று நாம் எண்ணுவோம். உண்மை வேறு. அவர் செல்வக் குடியினர், கழுவியோர் பணியாளர். பணியாளரின் கைபட்டு விலையுயர்ந்த பீங்கான்கள் விளிம்புடைந்தமையே அவரை இம்முயற்சிக்குத் தூண்டியது. கணவர் கடனை விட்டு இறந்தபின் அம்முயற்சி பிழைப்புமாயிற்று. 1893 ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவர் இயந்திரம் புகழ்பெற்றது. விடுதிகளும் உணவுச்சாலைகளும் வாங்கின. வீடுகளோ நெடுங்காலம் வாங்கவில்லை. வேண்டிய அளவு வெந்நீர் அக்காலத்து வீடுகளில் இல்லை. ஆக, இவ்வியந்திரம் உழைப்பின் மேல் வெறுப்பாற் பிறந்ததன்று. பிறர் கையின் மேல் நம்பிக்கை இன்மையாற் பிறந்தது. அம்மா இயந்திரத்தின் கையை நம்பாதது அதற்கு நேர்மாறானது. கொக்கிரேன் அம்மையார் வாழ்ந்திருந்தால் இருவரும் ஒருவரையொருவர் நன்கு விளங்கிக்கொண்டிருப்பர் என்று எனக்குத் தோன்றுகின்றது.

புதியது வாங்குவது பற்றிய பேச்சை எழுப்பியவர் மச்சாள். அம்மா இசையவில்லை.

"இது இன்னும் ஓடுதுதானே, பிள்ளை. மிச்சத்தை நான் கழுவுவன்."

"மாமி, நீங்கள் விடியப்புறத்தில எழும்பி நிண்டு கழுவுறதுதானே எங்களுக்கு மனம் பொறுக்குதில்லை."

இரண்டும் நியாயமான சொற்கள். ஒருவர் மற்றவரின் சுமையைக் குறைக்க விரும்புகின்றார். மற்றவர் அதனைச் சுமையென்றே கருதவில்லை. தமையனார் இருவருக்கும் இடையிலே, விடைத்தாளைத் திருத்தத் தயங்கும் ஆசிரியர்போல் இருந்தார். ஈற்றில் வடிகுழாய் ஒழுகி அடுக்களை நிலம் ஈரமானதும் வழக்கு முடிந்தது.

கடைக்கு நானும் உடன் சென்றேன். அங்கே ஒவ்வோர் இயந்திரத்தின் முகத்திலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. மின்சாரச் செலவுக்கு ஏ முதல் ஜீ வரை தரம். ஒருமுறை கழுவச் செல்லும் நீர் எத்தனை லீற்றர். ஒலி எத்தனை டெசிபெல். நாங்கள் எடுத்தது 42 டெசிபெல், நீர் 9.5 லீற்றர். பழையதன் கைந்நூலிலோ 55 டெசிபெல் என்றிருந்தது. 55 இலிருந்து 42 ஐக் கழித்தால் 13. இதற்காகவா இத்தனை பணம் என்று கேட்பவர், டெசிபெல் என்பது சாதாரண எண்ணிக்கை அன்று என்பதை உணர்தல் வேண்டும். 10 டெசிபெல் குறைந்தால் ஒலியின் வலு பத்திலொன்றாகும். 13 குறைந்தால் இருபதிலொன்று. நம் காது அதனை இருபதிலொன்றாக உணராது. அரைப்பங்கிலும் சற்றுக் குறைவாக உணரும். அதுவே போதுமானது. உராயும் தூரிகை இல்லாத மோட்டர், தகட்டின் மேல் ஒட்டிய கனத்த தார்ப்படை, மேற்கையும் கீழ்க்கையும் ஒருங்கே வீசாது மாறிமாறி வீசும் முறை ஆகியவற்றால் இந்த அமைதி வருகின்றது. விரைவைக் கைவிட்டமையும் ஒரு காரணம். சிக்கன முறையில் அது 3 மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து மெல்ல மெல்லக் கழுவும். விரைவே முன்னேற்றம் என்று எண்ணியிருந்த எனக்கு, பின்வந்த இயந்திரம் முன்னதிலும் மெதுவாய் இருத்தல் வியப்பைத் தந்தது.

அகலம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் 60 சதமமீற்றர் என வரையறுத்திருப்பதால், பழையதை இழுத்த இடத்திலே புதியது இலகுவாய் நுழைந்தது. பழையதன் பின்னால், காணாமற்போன தேக்கரண்டிகள் இரண்டும் மச்சாளின் மூக்குத்தித் திருகு ஒன்றும் கிடைத்தன. திருகு காணாமற்போனபோது எழுந்த ஐயங்களும் சொற்களும் பழங்கதை. அவற்றை இங்கு கிளறேன்.

முதல் நாளிரவு இயந்திரத்தை முடுக்கியபின், அது ஓடுகின்றதா இல்லையா என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்வாறு நேரும் என்று அறிந்தே, ஆக்கியோர் அதன் அடியிலிருந்து நிலத்தின்மேல் ஒரு செம்புள்ளி விழுமாறு விளக்கொன்றை அமைத்திருக்கின்றனர். புள்ளி உள்ளவரை வேலை நடக்கின்றது என்பது பொருள். ஓசையால் அறிந்ததை இனி ஒளியால் அறிதல் வேண்டும். இதனை எவரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. குங்குமம் சிந்திக் கிடக்கிறதென்று அவர் ஈரத்துணி கொண்டு குனிந்து துடைத்தார். புள்ளி துணியின் மேல் ஏறியது. துணியை எடுத்தால் கையின் மேல் ஏறியது. பேரன் சிரித்தான். அம்மாவும் சிரித்தார். சிரித்ததும்தான் கவனித்தோம்: 9 மணி கடந்துவிட்டது, அவர் காதிலே கருவி இருக்கின்றது, எவரும் மேசையை விட்டு எழவில்லை.

அன்று தொடங்கி, உணவின் பின் அம்மேசையிலே பேச்சு நடந்தது. முதலில் அது அற்பமான பேச்சு. பின்னர் பேரப்பிள்ளைகள் ஊர்க்கதை கேட்டனர். ஓரிரவு பேத்தி, "அப்பம்மா, ஊரில இந்தப் பெட்டி இல்லாட்டி ஆர் கழுவினது?" என்று கேட்டாள். அதற்கு விடையாக அம்மா சொன்னது, நானும் அதுவரை கேட்டறியாத ஒன்று.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர நேர்ந்ததை இம்மலரைப் படிப்போர் பலரும் அறிவர். பலர் அவ்வீதியில் நடந்தவர்கள். நான் அப்போது விடுதியிலிருந்து வீடு வந்திருந்தேன். மூட்டைகள் கட்டியாயிற்று. அப்பா துவிச்சக்கரவண்டியோடு படலையில் நின்று அழைக்கின்றார், அம்மா வரவில்லை. அவர் நகைகளைத் தேடுகின்றார் என்று அப்பா இறுதிவரை எண்ணியிருந்தார். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 28 ஆண்டின் பின் அம்மேசையிலேதான் உண்மை தெரிந்தது. அம்மா கிணற்றடியில் இருந்து இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவினாராம். விளக்கில்லை; மழை தூறிக்கொண்டிருந்தது; கைத்தடவலாகவே கழுவி, குந்திலே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாராம்.

"எச்சில் கோப்பையோட வீட்டை விட்டிட்டுப் போனால் ஆர் பாத்து என்ன சொல்லுவினம்?" என்றார்.

ஆர் பார்க்கப்போகின்றனர் என்று பேத்தி கேட்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பியபோது குந்தும் இருந்தது. கவிழ்த்த பாத்திரங்களில் மண்சட்டி ஒன்று மாத்திரம் இருந்தது. அச்சட்டி எனக்கு நன்கு நினைவிருக்கின்றது. அது ஏன் அங்கு கவிழ்ந்து கிடந்தது என்பது மாத்திரமே எனக்குத் தெரியாதிருந்தது. தமையனார் எழுந்து சென்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நிலத்திலே செம்புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பழைய இயந்திரம் ஓடியிருந்தால் இக்கதை அவ்வீட்டில் என்றேனும் சொல்லப்பட்டிருக்குமோ என்பது ஐயமே.

இவ்வளவும் அதன் ஓசையின்மை தந்த பேறு. அதன் தூய்மையோ வேறொன்றைச் செய்தது.

மூன்றாம் நாட் காலையில் அம்மா வழக்கம்போல் கதவைத் திறந்து கோப்பைகளை யன்னலடியிற் பிடித்தார். எல்லாம் தேறின. மறுநாளும் அவ்வாறே. ஐரோப்பாவில் இவ்வியந்திரங்களைப் பரீட்சிக்கும் முறை ஒன்று உண்டு: பால், தேநீர், அரைத்த இறைச்சி, முட்டை, ஓட்ஸ் கஞ்சி, பசளியினத்துக் கீரை, மாஜரின் என்பவற்றைப் பாத்திரங்களிலே பூசிக் காயவிட்டுப் பின் கழுவிப் பார்ப்பர். அம்மாவுக்கு அப்பரீட்சையில் நம்பிக்கை இல்லை. அவர் தம் பரீட்சையைத் தாமே வகுத்தார். உழுத்தங்களி கிண்டிய பாத்திரத்தையும், கத்தரிக்காய்ப் பால்கறி இருந்த பாத்திரத்தையும் நீர் காட்டாது ஒரு பகல் முழுவதும் காயவிட்டு, இரவிலே உள்ளே வைத்தார். மறுநாட் காலையில் நானும் உடனிருந்தேன். வெளியே எடுத்தார், விரலால் இழுத்தார், விரல் கீச்சிட்டது. "வடிவாத்தான் கழுவியிருக்கு" என்று சொல்லி, பாத்திரத்தை அலுமாரியில் வைத்து, கதவைச் சாத்தினார். பின் இரண்டு தட்டங்களையும் எடுத்துத் துடைத்து, ஒன்றினுள் ஒன்றாக வைத்தார். அப்போது மணி 6:10. அவ்வீட்டில் வேறெவரும் 7 மணிக்கு முன் எழுவதில்லை.

அடுத்த சில நாள்களில் அவர் வேறு வழி கண்டார். இரவிலே பாத்திரங்களை இயந்திரத்துள் வைக்குமுன் தாமே நன்கு கழுவி வைக்கத் தொடங்கினார். பேரன் இதனை நகைச்சுவை என எண்ணினான். ஆயினும் இயந்திர நூலைப் படித்து அவருக்கு விளக்கினான். அதனுள்ளே நீரின் கலங்கலை ஒளியால் அளக்கும் உணர்கருவி உண்டு. நீர் கலங்காதிருந்தால், பாத்திரம் அழுக்கற்றது என்று எண்ணி, தானாகவே இயங்கும் முறையில் அது தன் வேலையைச் சுருக்கிக்கொள்ளும். அன்றியும் வில்லையிலே நொதியங்கள் உள. ஒன்று புரதத்தையும் ஒன்று மாப்பொருளையும் சிதைப்பது. சோற்றுப் பசையும் பருப்பும் இருந்தால்தான் அவற்றுக்கு வேலை. ஆகவே மிச்சத்தை வழித்துக் கொட்டிவிட்டு அப்படியே வைத்தல் வேண்டும். "அப்ப, அதுக்கு வேலை இருக்கவேணுமெண்டால் நான் செய்யக்கூடாது" என்றார் அம்மா. பேரன் மகிழ்ச்சியோடு தலையசைத்தான். பேரனின் விளக்கத்தில் ஒரு குற்றமும் இல்லை. என்றாலும் எனக்கு அங்கு நிற்கப் பிடிக்கவில்லை.

முதியோர் வேலை செய்வதைக் காணப் பொறாது அவர்கள் கையிலிருந்து துடைப்பத்தையும் அகப்பையையும் வாங்கிக்கொள்ளும் அன்பு நம்மவரிடம் மிகுதி. வெளிநாடு சென்ற பிள்ளைகளிடம் அது இன்னும் மிகுதி. விட்டுச் சென்ற காலத்துக்கும் சேர்த்து அவர்கள் அன்பு செய்கின்றனர். பழைய இயந்திரம் குறைபாடுடையது. அந்தக் குறைபாட்டின் அளவே அம்மாவுக்கு அவ்வீட்டில் இடமிருந்தது. இதனை மச்சாளும் உணர்ந்தார் என்றே நினைக்கின்றேன். ஏனெனில், இயந்திரத்தோடு வந்த கைந்நூலை அவர் ஒருநாள் மாலை அம்மாவின் அருகிருந்து வாய்விட்டுப் படித்தார். அதிலே, உள்ளே வைக்கத் தகாதவை எவை என ஒரு பக்கம் உண்டு. அலுமினியம் வைக்கலாகாது; காரத்திற் கறுக்கும். பித்தளையும் செம்பும் மங்கும். வார்ப்பிரும்பு துருவேறும். மரம் வெடிக்கும்.

"அப்ப இரும்புத் தாச்சி?"

"வைக்கேலாது, மாமி."

"நீத்துப்பெட்டி?"

"ஐயோ, பனையோலை என்னத்துக்காகும்?"

"குத்துவிளக்கு? அகப்பை? இட்டலித் தட்டு?"

ஒன்றும் வைக்கமுடியாது என்று மச்சாள் சொல்லச்சொல்ல அம்மாவின் முகம் தெளிந்தது. தட்டங்கள் மீண்டும் வெளியே வந்தன. அந்த வாரம் முழுவதும் அவ்வீட்டில் நீத்துப்பெட்டியில் அவித்த புட்டும் தாச்சியில் வறுத்த கறியுமே. பித்தளைக் குத்துவிளக்குப் பழப்புளி பட்டுப் பொன்னாய் நின்றது. இன்னும் ஒன்றில் அவர் இயந்திரத்தை வென்றார். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுசெல்லும் பிளாஸ்ரிக் பெட்டிகளிலே ஏறிய மஞ்சட் கறை இயந்திரத்துக்கு அசையாது. அம்மா அவற்றைத் திறந்து யன்னல் வெயிலில் வைத்தார். இரண்டு மூன்று நாளிற் கறை போய்விட்டது. மஞ்சளின் நிறம் சூரிய ஒளியிற் சிதையும் என்பதை அவர் நூலிற் படித்தவரல்லர். மஞ்சள் தோய்ந்த சீலையைக் கொடியிலே காயவிட்டு அறிந்தவர்.

நான் புறப்படும் நாளில் அம்மா ஒரு துண்டுத்தாளிலே தமக்கு வேண்டியவற்றை எழுதித் தந்தார்: நீத்துப்பெட்டி இரண்டு, ஒன்று பெரிது, தேங்காய்த் தும்பு ஒரு கட்டு. சாம்பலும் எழுதி, பின் வெட்டியிருந்தார். சில மாதங்களின் பின் இலண்டன் சென்ற ஊரவர் ஒருவர் கையிலே அவற்றைக் கொடுத்தனுப்பினேன். தொலைபேசியிற் பேசியபோது, நீத்துப்பெட்டி நன்று என்றார். தும்பு சரியில்லையாம், தூள் கொட்டுகின்றதாம். அடுத்த முறை நன்றாய் ஊறிய மட்டையில் அடித்ததாகப் பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கின்றார்.